கவருக்குள் மறைந்திருக்கும் தொழில்: பழைய கார்களின் ஸ்டியரிங்கைப் புதுப்பித்தல்

நமது பாதைகளில் இன்றும் ஓடித் திரியும் மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஃபோக்ஸ்வாகன் பீட்டில், பீஜோ போன்ற பழைய கார்களைச் சற்றுக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளியே புதிதாகப் பெயின்ட் அடித்து கண்ணாடி போல மினுங்கும். ஆசனங்களுக்குப் புதிய குஷன் போடப்பட்டிருக்கும். ஆனால் சாரதி கை வைக்கும் இடத்தை மட்டும் ஒரு கறுப்பு நிறக் கவர் மூடியிருக்கும். அந்தக் கவரைக் கழற்றினால் உண்மை வெளிப்படும். ஸ்டியரிங் வளையத்தில் நான்கைந்து இடங்களில் வெடிப்பு, வெடிப்பினூடாகத் தெரியும் கறள் பிடித்த இரும்பு, கையில் ஒட்டும் பிசுபிசுப்பு!

காருக்கு இலட்சக்கணக்கில் செலவழித்த சொந்தக்காரர் இதை மட்டும் ஏன் விட்டு வைத்தார்? காசு இல்லாமல் அல்ல, கஞ்சத்தனத்தாலும் அல்ல. டிங்கர் வேலைக்கு ஒரு பாஸ் இருக்கிறார், பெயின்டுக்கு ஒருவர், குஷனுக்கு ஒருவர், எஞ்சினுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஸ்டியரிங் வளையத்தைத் திருத்தித் தருவதற்கென்று ஆளைத் தேடினால் கிடைப்பது அரிது. தேவை இருந்தும் செய்வதற்கு ஆளில்லாத இடத்தில்தான் சிறு தொழில் ஒன்று பிறக்கிறது. பெரிய இயந்திரங்களோ பெரும் முதலீடோ இதற்குத் தேவையில்லை. ஆனால் பொறுமையும் நேர்மையும் இல்லாதவர் இதில் கை வைக்கவே கூடாது. ஏனென்றால் ஸ்டியரிங் என்பது அழகுப் பொருள் அல்ல. ஒரு குடும்பத்தின் உயிர் அந்த வளையத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளில்தான் இருக்கிறது.

இந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது, இதில் வருமானம் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் "முடியாது" என்று சொல்ல வேண்டும் என்பவற்றை இவ்வாரம் பார்ப்போம்.

பழைய கார்கள் நம்மிடம் ஏன் இவ்வளவு?

மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. பின்னாளில் மினி காரையும் வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதன் வடிவமைப்பாளர். 1970களின் ஆரம்பத்தில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான மொரிஸ் மைனர்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் கணிசமான தொகை அன்றைய இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

1977இல் பொருளாதாரம் திறந்து விடப்படும் வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. புதிய கார் வாங்க வழியில்லாத அக்காலத்தில் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டிய நிலை. அந்த நெருக்கடியே நமது கராஜ்காரர்களுக்குப் பெரிய பாடசாலையாக அமைந்தது எனலாம். வெளிநாட்டில் தூக்கி எறியும் சாமானை இங்கே திருத்தி மீண்டும் பூட்டும் பழக்கம் அப்போது வேரூன்றியது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்தி வந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் மொரிஸ் மைனருக்கான தகடுகளையும் உதிரிப்பாகங்களையும் இலங்கையில் செய்வித்து பிரித்தானியாவுக்கே அனுப்பினார். அவர்கள் கண்டுபிடித்த காரின் பாகங்களை நம்மவர் கைகளால் செய்து அவர்களுக்கே விற்ற வரலாறு இது. இத்துறையில் நமது கைத்திறனுக்கு மதிப்பில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

அண்மைய காலமும் இதே பாடத்தைத்தான் மீண்டும் சொல்லித் தந்தது. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் 2022இல் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்டியரிங்கை வருவிப்பதற்கான செலவு எவ்வளவு கூடியிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அத்துடன் ஒரே மொரிஸ் மைனரில் கூட எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே ஸ்டியரிங் பொருந்துவதில்லை. ஆரம்ப கால வண்டிகளில் கம்பி ஆரங்கள் கொண்ட வளையம், பிற்காலத்தில் வேறு வடிவம். சரியான ஆண்டுக்குரியதைத் தேடிப் பிடித்தாலும் அதுவும் பெரும்பாலும் வெடித்ததாகவே இருக்கும். காரணம், அதுவும் அதே வயதுதானே!

வளையம் ஏன் வெடிக்கிறது?

பழைய ஸ்டியரிங்கின் உள்ளே இரும்பு வளையம் ஒன்று உண்டு. அதற்கு மேலே கடின இறப்பரோ, பேக்கலைட்டோ, செலுலோஸ் வகைப் பிளாஸ்டிக்கோ வார்க்கப்பட்டிருக்கும். காலம் செல்லச் செல்ல வெயிலும் வெப்பமும் இந்த மேற்பூச்சைக் காய வைக்கின்றன. அது சுருங்கப் பார்க்கிறது. உள்ளே உள்ள இரும்போ சுருங்குவதில்லை. சுருங்க இடமில்லாத பிளாஸ்டிக் கடைசியில் வெடிக்கிறது. ஆரங்கள் வளையத்தோடு சேரும் இடங்களில் இழுவிசை அதிகம் என்பதால் முதல் வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தோன்றும்.

பிறகு கையின் வியர்வையும் மழைக்கால ஈரமும் வெடிப்பினூடாக உள்ளே போகின்றன. இரும்பு கறள் பிடிக்கிறது. கறள் இரும்பை விட அதிக இடத்தை எடுப்பதால் அது வெடிப்பை உள்ளிருந்தே தள்ளி மேலும் அகலமாக்குகிறது. இந்நிலையில் மேலே ஒரு கவரைப் போட்டால் என்னவாகும்? வியர்வையும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு கறள் இன்னும் விரைவாகப் பரவும். இறுக்கமில்லாத கவர் வளைவில் வழுக்கி விட்டால் அதுவே விபத்துக்கும் காரணமாகலாம். ஆகவே கவர் என்பது நோய்க்கு மருந்தல்ல, நோயை மறைக்கும் துணி மாத்திரமே.

முதல் வேலை பரிசோதனை

வாடிக்கையாளர் ஸ்டியரிங்கைக் கொண்டு வந்ததும் விலை பேசுவதற்கு முன் அதைப் பரிசோதிக்க வேண்டும். மேற்பூச்சில் வெடிப்பு என்றால் திருத்தலாம். உள்ளேயுள்ள இரும்பில் பிழை என்றால் கதையே வேறு.

இரண்டு கைகளாலும் வளையத்தைப் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். ஆரம் வளையத்தோடு சேரும் ஒட்டில் அசைவு இருக்கிறதா? வளையம் தட்டையாக இருக்கிறதா, எங்காவது வளைந்திருக்கிறதா? ஒரு மேசை மீது வைத்துப் பார்த்தால் தெரியும். நடுவில் தண்டு நுழையும் துளையின் பற்கள் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கிப் போயிருக்கின்றனவா?

ஒட்டு விட்டுப் போன, இரும்பு தின்னப்பட்டு மெலிந்த, பற்கள் மழுங்கிய ஸ்டியரிங்கைப் புட்டி பூசி அழகாக்கிக் கொடுப்பது வியாபாரம் அல்ல, மோசடி. அப்படியானதை "இதைத் திருத்த முடியாது, வேறொன்று தேடுங்கள்" என்று திருப்பிக் கொடுத்து விட வேண்டும். அன்றைய வருமானம் போனாலும் அந்த வாடிக்கையாளர் உங்கள் பெயரை நாலு பேரிடம் சொல்வார். அவ்வாறே காற்றுப்பை பொருத்தப்பட்ட புதிய கார்களின் ஸ்டியரிங்கை, அதற்குரிய பயிற்சி பெறாதவர் கழற்றவே கூடாது. அது தவறுதலாக வெடித்தால் முகமும் கையும் தப்பாது.

கழற்றும்போது கவனம்

முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, பற்றரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். நடுவில் உள்ள ஹோர்ன் பொத்தானை எடுத்ததும் பெரிய நட் ஒன்று தெரியும். தண்டிலும் ஸ்டியரிங்கிலும் ஒரே நேராக அடையாளக் கோடு ஒன்று இட்டுக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது கார் நேராகப் போகும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும்!

நட்டைத் தளர்த்தலாம், ஆனால் முழுமையாகக் கழற்றி விடக் கூடாது. சில புரிகளில் அது நிற்கட்டும். பல வருடங்களாக இறுகிப் போன ஸ்டியரிங் திடீரென விடுபடும்போது முகத்தில் அடிக்காமல் அந்த நட் தடுத்து விடும். இழுப்பதற்குப் புலர் எனும் கருவியைப் பயன்படுத்துங்கள். சுத்தியலால் தண்டில் அடிப்பது நமது கராஜ்களில் காணப்படும் கெட்ட பழக்கம். 1960களின் பிற்பகுதிக்குப் பின் வந்த பல கார்களில் விபத்தின்போது தானாக மடங்கும் தண்டு உண்டு. அதில் சுத்தியல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத சேதம் ஏற்படும்.

கழற்றிய ஒவ்வொரு சிறு பாகத்தையும் படம் எடுத்து, பெயர் எழுதிய பையில் போட்டு வைக்க வேண்டும். ஹோர்ன் பொத்தானின் சிறு ஸ்பிரிங் ஒன்று தொலைந்தால் அதைத் தேடிப் பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலைய நேரிடும்.

வெடிப்பை நிரப்பும் முறை

முதலில் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவி, காய்ந்த பின் எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். ஐம்பது, அறுபது வருடக் கை எண்ணெய் அந்த மேற்பரப்பில் ஊறியிருக்கிறது. அது போகாமல் எதைப் பூசினாலும் ஒட்டாது.

அடுத்து பலருக்கும் விசித்திரமாகத் தோன்றும் ஒரு வேலை இருக்கிறது. வெடிப்பை மூடுவதற்கு முன் அதைப் பெரிதாக்க வேண்டும்! மயிரிழை போன்ற வெடிப்பினுள் எந்தப் பசையும் ஆழமாக இறங்காது. முக்கோண அரத்தாலோ, இரும்பு அறுக்கும் வாள் அலகாலோ, சிறிய சுழல் கருவியாலோ வெடிப்பின் இரு பக்கத்தையும் சரித்து வெட்டி, மேலே அகலமும் கீழே ஒடுக்கமுமாக இரும்பு தெரியும் வரை பள்ளம் எடுக்க வேண்டும். தெரியும் கறளைச் சுரண்டி எடுத்து இரும்பைப் பளபளப்பாக்க வேண்டும். பழைய பேக்கலைட், இறப்பர் வகைகளின் தூசு சுவாசத்துக்குக் கேடானது, சிலவற்றில் அஸ்பெஸ்டாஸ் கூடக் கலந்திருக்கலாம். எனவே ஈரப்படுத்தித் தேய்ப்பதும் நல்ல முகமூடி அணிவதும் அவசியம்.

நிரப்புவதற்கு உகந்தது இரண்டு பாகமாக வரும் எபொக்சிப் பசை. அமெரிக்காவில் இவ்வேலைக்குப் பெயர் பெற்றது பிசி-7 எனும் வகை. அது கிடைக்காத இடத்தில் மெதுவாக இறுகும் தரமான எபொக்சி புட்டியைப் பயன்படுத்தலாம். இங்கே மூன்று தவறுகள் நடப்பதுண்டு.

முதலாவது, காரின் உடலுக்குப் போடும் சாதாரண பொடி ஃபில்லரைப் பூசுவது. அது தேய்க்க இலகுவானது, மலிவானது. ஆனால் கை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சற்றே வளையும் வளையத்தில் அது நிலைக்காது, சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் வெடிக்கும்.

இரண்டாவது, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபொக்சியைப் பாவிப்பது. இவ்வகைகள் வெப்பத்தில் மிருதுவாகி விடும். நமது வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரின் முன்பகுதி 60 பாகை செல்சியஸையும் தாண்டிச் சூடாகும் என்பதை மறந்து விடக் கூடாது.

மூன்றாவது, விரைவாக இறுகட்டும் என்று இறுக்கியை அதிகமாகக் கலப்பது. எபொக்சியில் இது எதிர்மாறான விளைவையே தரும். பொதியில் கூறப்பட்ட அளவே சரியான அளவு. சமையலறைத் தராசு ஒன்று இதற்குப் போதும்.

பசையைப் பள்ளத்தின் அடி வரை அழுத்தி, மேற்பரப்பை விடச் சற்று உயரமாக நிரப்பி, குறைந்தது 24 மணி நேரம் இறுக விட வேண்டும். ஈரப்பதன் கூடிய நமது காலநிலையில் இறுகிய எபொக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் தோன்றலாம். தேய்ப்பதற்கு முன் அதைத் தண்ணீரால் கழுவி விடுங்கள். இல்லாவிட்டால் அரத்தாள் அடைபடும், பெயின்டும் பிடிக்காது.

தேய்ப்பது 80ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 120, 180, 320 என்று படிப்படியாக ஏற வேண்டும். வளையத்தின் பின்பக்கத்தில் விரல்கள் பதிவதற்கான மேடு பள்ளங்கள் இருந்தால், அதே பருமனுள்ள தடி ஒன்றில் அரத்தாளைச் சுற்றித் தேய்த்து அந்த வடிவத்தைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். திறமை தெரிவது இந்த இடத்தில்தான். கண்ணை மூடிக்கொண்டு வளையத்தைச் சுற்றிக் கையை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேட்டை விரல் காட்டிக் கொடுக்கும். முதல் நிரப்பலில் சிறு துளைகள் தெரிவது வழமை. இரண்டாம் முறை நிரப்பாமல் முடியும் வேலை குறைவு.

பெயின்டில் சிக்கனம் வேண்டாம்

தேய்த்து முடித்த வளையத்துக்கு முதலில் பிரைமர், பிறகு 400, 600ஆம் இலக்கத் தாளால் மென்மையாக்கல், அதன் பின் நிறம். சாதாரண ஸ்பிரே டின்னில் வரும் பெயின்ட் கதவுக்கும் கேட்டுக்கும் சரி. தினமும் வியர்வையும் எண்ணெயும் படும் ஸ்டியரிங்கில் அது மிருதுவாகி உரிந்து வரும். இறுக்கி கலந்து அடிக்கும் டூ-கே வகைப் பெயின்டே இதற்குத் தாக்குப் பிடிக்கும்.

ஆனால் இவ்வகைப் பெயின்டின் இறுக்கியில் ஐசோசயனேட் எனும் இரசாயனம் உண்டு. இது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒரு முறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டு விட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் ஆபத்தாக முடியும். சாதாரணத் தூசு முகமூடி இதற்குப் போதவே போதாது, வெளியிலிருந்து சுத்தமான காற்றைத் தரும் முகமூடி வேண்டும். வீட்டுக் கூடத்திலோ பிள்ளைகள் நடமாடும் முற்றத்திலோ இதை அடிக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல வழி, நிரப்பித் தேய்க்கும் வேலையைத் தாம் செய்து, நிறம் அடிக்கும் வேலையை வசதியுள்ள பெயின்ட் நிலையம் ஒன்றுக்குக் கூலி கொடுத்து ஒப்படைப்பதாகும். இலாபத்தில் ஒரு பங்கு குறையும், நெஞ்சு தப்பும்.

மழை பெய்யும் நாளில் பெயின்ட் அடிக்கத் தேவையில்லை. ஈரம் நிறத்தை மங்கச் செய்து விடும். நிறத்தைத் தெரிவு செய்யும்போது வளையத்தின் மேற்பகுதியைப் பார்க்காதீர்கள், அது வெயிலில் மாறியிருக்கும். ஹோர்ன் வளையத்துக்குக் கீழே மறைந்திருந்த பகுதியில்தான் தொழிற்சாலையிலிருந்து வந்த உண்மையான நிறம் இருக்கும். குறிப்பாகப் பீட்டில், மெர்சிடிஸ் போன்ற வண்டிகளின் யானைத்தந்த நிறத்தில் இது முக்கியம். தூய வெள்ளை அடித்து விட்டால் பழைய கார் தெரிந்தவர் தூரத்திலிருந்தே கண்டு பிடித்து விடுவார்.

நிறம் அடித்த பின் ஒரு வாரமாவது கை படாமல் வைத்து, அதன் பிறகே காரில் பூட்ட வேண்டும். நட்டை அந்த வாகனத்தின் கைந்நூலில் கூறப்பட்ட அளவுக்கு இறுக்கி, இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்து, ஹோர்னையும் சிக்னலையும் சரி பார்த்து, மெதுவாக ஓட்டிக் காட்டிய பின்பே சாவியைக் கொடுக்க வேண்டும்.

அன்றாட வருமானம் எங்கே?

பழைய கார் சொந்தக்காரர்களை மட்டும் நம்பி இத்தொழிலில் இறங்க முடியுமா என்ற கேள்வி எழுவது நியாயமே. கிளசிக் கார்கள் உங்களுக்குப் பெயரைத் தேடித் தரும். அன்றாடச் செலவைப் பார்த்துக் கொள்வது சாதாரண ஜப்பான் கார்களும் வேன்களும்தான். இறக்குமதி தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் மக்கள் தமது வாகனங்களை நீண்ட காலம் வைத்திருந்தார்கள். அவற்றின் தோல் ஸ்டியரிங்குகள் உரிந்து நூல் பிரிந்து காணப்படுகின்றன.

தோல் வேலை வேறு முறையைச் சேர்ந்தது. காற்றுப்பை உள்ள வண்டியென்றால் ஸ்டியரிங்கைக் கழற்றாமல், காரிலேயே மேற்பரப்பை மட்டும் சுத்தம் செய்து, தேய்ந்த இடத்துக்கு வளையும் தன்மையுள்ள தோல் ஃபில்லர் பூசி, மென்மையாகத் தேய்த்து, நீர் சார்ந்த தோல் நிறமும் மேற்பாதுகாப்புப் பூச்சும் இடலாம். முழுவதும் கிழிந்திருந்தால் குஷன் வேலை தெரிந்த ஒருவரோடு சேர்ந்து புதுத் தோல் தைக்கலாம். அதற்குக் கழற்ற வேண்டி வந்தால் பயிற்சி பெற்றவரைக் கொண்டே கழற்றுவிக்க வேண்டும். வீட்டிலிருந்தே கைத்தையல் செய்யக் கூடிய பெண்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. மர வளையங்களுக்கு எபொக்சி ஒட்டும், வெயில் தாங்கும் வார்னிஷும் போதுமானவை.

திருமணத்துக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுபவர்களும் நல்ல வாடிக்கையாளர்கள். மாப்பிள்ளை பெண் படம் பிடிக்கும்போது ஸ்டியரிங்கும் படத்தில் வரும் அல்லவா?

மணித்தியாலக் கணக்கு

விலை வைக்கும்போது பலர் பசைக்கும் பெயின்டுக்கும் ஆன செலவை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். உண்மையான செலவு நேரம்தான். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். கழற்றிச் சுத்தம் செய்து பள்ளம் எடுக்க 3 மணித்தியாலம், முதல் நிரப்பலுக்கு ஒன்றரை, தேய்க்க 4, இரண்டாம் நிரப்பலுக்கு 1, மீண்டும் தேய்க்க 2, பிரைமருக்கும் நிறத்துக்கும் 2, திரும்பப் பூட்டிச் சரி பார்க்க அரை மணித்தியாலம் என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 14 மணித்தியாலம். உங்கள் மணித்தியாலக் கூலியை இதனால் பெருக்கி, பொருட்செலவைக் கூட்டி, கருவித் தேய்மானத்துக்கும் மீண்டும் செய்ய நேரும் வேலைக்கும் சிறு தொகை சேர்த்தால் விலை வரும்.

அதே வேலை நாட்காட்டியில் இரண்டு வாரத்தை எடுக்கும். ஏனென்றால் எபொக்சி இறுக வேண்டும், பெயின்ட் காய வேண்டும். ஒரு ஸ்டியரிங்கை மட்டும் வைத்துக் கொண்டிருப்பவர் இந்த நாட்களில் சும்மா இருப்பார். நான்கு ஸ்டியரிங்கை ஒன்றாக எடுப்பவர் ஒன்று இறுகும்போது மற்றொன்றைத் தேய்ப்பார். காத்திருக்கும் நேரத்தை வேலை நேரமாக்கத் தெரிந்தவருக்கே இத்தொழிலில் இலாபம் நிற்கும். எனவே "நாளைக்கே தாருங்கள்" என்று அவசரப்படுத்தும் வாடிக்கையாளருக்குப் பணிந்து விடாதீர்கள். அவசரத்தில் பூட்டிய ஸ்டியரிங் அடுத்த மாதமே திரும்பி வரும். அப்போது இழப்பது கூலியை மட்டுமல்ல, பெயரையும்தான்.

எழுத்தில் இருக்கட்டும்

ஒவ்வொரு வேலைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். எத்தனை வெடிப்பு நிரப்பப்பட்டது, என்ன பொருள் பாவிக்கப்பட்டது, உள் இரும்பு எந்நிலையில் இருந்தது என்பதை அதில் எழுதுங்கள். பள்ளம் எடுத்த நிலையில் எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பூசி மறைத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். வாடிக்கையாளரால் பார்க்க முடியாத இடத்தில்தான் உங்கள் நேர்மை சோதிக்கப்படுகிறது.

காரை விற்க நினைப்பவருக்கும் இதுவே நன்மை. பழைய கார் வாங்குபவர்கள் இப்போது விபரம் தெரிந்தவர்கள். திருத்திய ஸ்டியரிங்கைத் "தொடாத அசல்" என்று சொல்லி விற்பது பிடிபட்டால் முழுக் காரின் மீதும் சந்தேகம் விழும். "அசல் ஸ்டியரிங், இன்ன முறையில் திருத்தப்பட்டது" என்று ஆதாரத்தோடு சொன்னால் விலை குறையாது, நம்பிக்கை கூடும்.

இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றையும் புதிதாக்க வேண்டும் என்றில்லை. வளையம் உறுதியாக இருந்து, நிறம் மட்டும் மங்கி, மேலே சிறு கோடுகள் இருந்தால் சுத்தம் செய்து மெருகூட்டுவதோடு நிறுத்திக் கொள்ளலாம். தகப்பனாரின் கை தேய்த்த இடத்தை அப்படியே வைத்திருக்க விரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேலையைப் பெருப்பித்துப் பணம் பறிக்காமல், "இதற்கு இவ்வளவும் போதும்" என்று சொல்லும் பாஸை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக் கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் இளைஞர்கள் நமது ஊர்களில் பலர். தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரச நிறுவனங்கள் வாகனத் துறையில் வழங்கும் பயிற்சிகளில் ஒன்றை முதலில் முடித்துக் கொள்வது நல்லது. என்.வி.கியு. சான்றிதழ் கையில் இருந்தால் நாளை வெளிநாட்டுக்கும் உதவும். பெயின்ட், எபொக்சி ஆகியவற்றின் அடிப்படை தெரிந்தவருக்கு ஸ்டியரிங் வேலை அடுத்த படிதான்.

தேவையான கருவிகள் ஒரு சிறிய மேசையில் அடங்கும். புலர் ஒன்று, அரங்கள், சிறிய சுழல் கருவி, தராசு, வளையத்தை மாட்டி வைத்துத் திருப்பித் திருப்பித் தேய்க்க மேசையில் பூட்டிய குழாய்த் தாங்கி ஒன்று, நல்ல முகமூடி. இவ்வளவே. கடன் வாங்கிக் கடை திறக்கும் தொழில் இதுவல்ல.

பஞ்சிகாவத்தையிலோ ஊரிலுள்ள பழைய இரும்புக் கடையிலோ வெடித்துப் போன பழைய ஸ்டியரிங்குகள் இரண்டு மூன்றை வாங்கிக் கொள்ளுங்கள். அவற்றில் பழகுங்கள். நிரப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்த பின், வெயிலில் நிறுத்திய வாகனம் ஒன்றினுள் சில மாதங்கள் போட்டு வைத்துப் பாருங்கள். வெடிப்பு மீண்டும் தலை காட்டினால் உங்கள் முறையில் எங்கோ பிழை இருக்கிறது, தேடித் திருத்துங்கள். தலை காட்டாவிட்டால் அதையே கையில் எடுத்துக் கொண்டு போய் முதல் வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். அதை விடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.